ஈரத் தகட்டில் எழுந்த முகங்கள்
(ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரின் வாழ்வும் கலையும்)

இங்கிலாந்தின் தென்கரைக்கு அண்மையில் உள்ள வைட் தீவில், ஃபிரெஷ்வாட்டர் என்னும் சிற்றூரில், 1863ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஒரு வீட்டுக்குப் பரிசு ஒன்று வந்து சேர்ந்தது. அது மரத்தாலான ஓர் ஒளிப்படக் கருவி. அனுப்பியவர்கள் மகளும் மருமகனும். கணவர் இலங்கையிலிருந்த தம் தோட்டங்களைப் பார்வையிடச் சென்றிருந்தார். தனித்திருக்கும் தாய்க்கு ஒரு பொழுதுபோக்காக இருக்கட்டும் என்பதே மகளின் எண்ணம். பரிசைப் பெற்ற அம்மையாருக்கு அப்போது வயது 48. பொழுதுபோக்குக்காக வந்த அக்கருவி அவர் வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதையும் தனக்கென எடுத்துக்கொண்டது. அவர் எடுத்தனவாக இன்று அறியப்படும் படங்கள் 1,200க்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஒருசில, மனித முகத்தைக் கருவியொன்று கண்ட வரலாற்றிலேயே தலைசிறந்தவை என்று நான் கருதுகிறேன்.

அவர்தாம் ஜூலியா மார்கரெட் கேமரன். அவரது படங்களில் விளிம்புகள் மங்கியிருக்கும், கறைகள் தெரியும், சிலவற்றில் விரல் பட்ட தடமும் இருக்கும். இவை தொழில் தெரியாமையின் விளைவு என்று அவர் காலத்துத் தொழில்வல்லார் பலர் எள்ளினர். இவையே கலை என்று பின்வந்தோர் சிலர் கொண்டாடினர். இரண்டும் முழு உண்மை அல்ல. எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதை அவர் தம் செய்முறையினுள் நின்றே முடிவு செய்தார். அம்முடிவுகளைப் பின்தொடர்ந்து சென்றால் அவரது கலைக்கொள்கை விளங்கும்.

அம்மையார் பிறந்தது கல்கத்தாவில், 1815 ஜூன் 11ஆம் நாள். தந்தை ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் அலுவலர். தாய் பிரெஞ்சுப் பிரபுக் குடியினர். பிள்ளைப் பருவக் கல்வியின் பெரும்பகுதி பிரான்சில் கழிந்தது. பேட்டில் குடும்பத்துப் பெண்கள் அழகுக்குப் பேர்பெற்றவர்கள். அவர்களுள் அழகில் குறைந்தவர் என்று பேசப்பட்டவர் ஜூலியா. பிற்காலத்தில் அழகைத் தேடித் தேடித் தகட்டில் சிறைப்படுத்த முனைந்த மனத்தின் வேர் இங்கே இருக்கிறதோ என்று எண்ணத் தோன்றும். அது என் ஊகமே. அதன்மேல் எதையும் கட்ட வேண்டியதில்லை.

நோயுற்றுத் தேறும்பொருட்டு 1836இல் அவர் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அங்கே அவர் வாழ்வின் திசையை வகுத்த இருவரைச் சந்தித்தார். ஒருவர் வானியல் அறிஞர் சர் ஜான் ஹெர்ஷல். தென்வானத்து விண்மீன்களை ஆராய அங்கே தங்கியிருந்தவர். ஹைப்போ என்று ஒளிப்படக்காரர்கள் சொல்லும் உப்பு வெள்ளிச் சேர்மங்களைக் கரைக்கும் என்பதை 1819லேயே கண்டறிந்தவர். ஒளியால் தோன்றிய உருவம் ஒளியாலேயே அழிந்துவிடாமல் நிலைப்படுத்தும் வழி அக்கண்டுபிடிப்பிலிருந்தே 1839இல் பிறந்தது. நெகடிவ், பாசிடிவ் என்னும் சொற்களை இத்துறைக்கு வழங்கியவரும் அவரே. ஒளிப்படக்கலை பிறந்த சில ஆண்டுகளுக்குள், கல்கத்தாவில் இருந்த தம் தோழிக்கு அதன் மாதிரிகளைக் கடிதத்தோடு அனுப்பிவைத்தார். ஆகவே கருவி கைக்கு வருவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்னரே அக்கலை அம்மையாரின் மனத்துக்குள் வந்துவிட்டது எனலாம்.

மற்றவர் சார்லஸ் ஹே கேமரன். சட்ட அறிஞர், ஜூலியாவைவிட 20 வயது மூத்தவர். இலங்கையின் ஆட்சிமுறையையும் நீதிமுறையையும் மாற்றியமைத்த கோல்புரூக் – கேமரன் ஆணைக்குழுவின் கேமரன் இவரே. இலங்கை வரலாறு பயின்றோர் இப்பெயரை மறக்க இயலாது. 1838இல் கல்கத்தாவில் இருவருக்கும் திருமணம் நடந்தது. மெக்காலேயுடன் இந்தியச் சட்ட ஆணையத்தில் பணியாற்றிய சார்லஸ், பின்னர் ஆளுநர் தலைமையிலான உயர் ஆலோசனைக் குழுவிலும் இடம்பெற்றார். 1848இல் ஓய்வு பெற்றுக் குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பினார். அவரது செல்வத்தில் பெரும்பகுதி இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்களாக முடங்கிக் கிடந்தது.

1860இல் கவிஞர் டென்னிசனின் இல்லத்துக்கு அருகில், ஃபிரெஷ்வாட்டரில் இரண்டு வீடுகளை வாங்கி, நடுவே ஒரு கோபுரம் எழுப்பி ஒன்றாக இணைத்தனர். அவ்வீட்டுக்கு அம்மையார் இட்ட பெயர் திம்போலா. இலங்கை மலைநாட்டுத் தோட்டத்தின் பெயரே அது. தம் பிள்ளைகள் அறுவரோடு ஆதரவற்ற பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்த வீடு அது. விருந்தினர் வருகை ஓய்வதில்லை.

கருவி வந்தவுடன் நிலக்கரி வைத்திருந்த அறை இருட்டறை ஆயிற்று. கண்ணாடிக் கூரையிட்ட கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடம் ஆயிற்று. கோழிகளுக்கு விடுதலை கிடைத்தது என்று அம்மையார் பிற்காலத்தில் நகைச்சுவையோடு எழுதிவைத்தார். அவை உண்ணப்படவில்லை என்பதையும் மறவாமல் குறித்தார். 1874இல் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட தம் கண்ணாடி இல்லத்து நினைவுக் குறிப்புகளில் இச்செய்தி இடம்பெறுகிறது.

அக்காலத்து ஒளிப்பட வேலை எத்தகையது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். அதை அறியாமல் அம்மையாரின் கலையைப் பேச இயலாது.

1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்பவர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையே அன்று எங்கும் வழக்கில் இருந்தது. வெடிப்பஞ்சினை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்துப் பெறும் பசைபோன்ற நீர்மமே கொலோடியன். அதனோடு அயோடைடு உப்பைக் கலப்பர். நன்கு துடைத்துத் தூய்மை செய்த கண்ணாடித் தகட்டை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் அந்நீர்மத்தை ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடும்படி தகட்டைச் சாய்க்க வேண்டும். எஞ்சியதை ஒரு மூலை வழியாக வடிக்க வேண்டும். படலம் உறையத் தொடங்கும் வேளையில் இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலுள் அமிழ்த்த வேண்டும். அப்போதுதான் தகடு ஒளியை உணரும் தன்மை பெறும். ஈரம் உலர்வதற்குள் கருவியில் பொருத்தி, படம் எடுத்து, மீண்டும் இருட்டறைக்கு ஓடி உருவத்தை வெளிக்கொணர வேண்டும். எல்லாம் ஏறத்தாழக் கால் மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். பின்னர் நிலைப்படுத்தல், பலமுறை கழுவுதல், சூடு காட்டி வார்னிஷ் பூசுதல். அதன்பிறகே முட்டை வெண்கரு பூசிய தாளைத் தகட்டோடு ஒட்ட வைத்து வெயிலில் காய்த்துப் படி எடுக்கலாம். வெள்ளி நைட்ரேட்டு பட்ட இடமெல்லாம் கறுக்கும். அம்மையாரின் கைகளும் உடைகளும் மேசைவிரிப்புகளும் நீங்காக் கறை ஏறிக் கிடந்தன. கழுவுவதற்குக் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இது கண்ணும் கையும் ஒருங்கே உழைக்கும் கைத்தொழில். கொலோடியன் சீராக ஓடாவிட்டால் அலை விழும். தூசு படிந்தால் புள்ளி விழும். விரல் பட்டால் தடம் விழும். கருவிக்குரிய தன்மை படைப்பில் பதிவது எக்கலைக்கும் இயல்பே. பனையோலை கிழிந்துவிடும் என்று அஞ்சி எழுத்தாணி பிடித்தோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலே எழுதியதை ஏட்டுச்சுவடி பார்த்தவர்கள் அறிவர். அத்தடங்களை வெறும் பிழையாகக் கொள்வதா, மொழியின் பகுதியாகக் கொள்வதா என்பதே வினா.

முதல் முயற்சிகள் தோல்வியில் முடிந்தன. அவ்வூர் உழவர் ஒருவரை மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசி உட்கார வைத்தார் அம்மையார். பல மணி நேரப் பாட்டுக்குப்பின் நல்ல உருவம் ஒன்று விழுந்தது. மகிழ்ச்சி மிகுதியில் ஈரப்படலத்தின்மேல் கையை வைத்துத் துடைத்துவிட்டார்! தகட்டில் எந்தப் பக்கம் படலம் என்பதுகூட அன்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. 1864 சனவரியில் ஆனி என்னும் சிறுமியை வைத்து எடுத்த படமே அவர் முதல் வெற்றியாக ஏற்றுக்கொண்டது. அன்றைய நாளுக்குள்ளேயே படி எடுத்து, நிறமேற்றி, சட்டமிட்டுச் சிறுமியின் தந்தையிடம் கொடுத்துவிட்டார். அப்படத்தில் சிறுமியின் தலைமுடி ஒழுங்குபடுத்தப்படவில்லை. மேலங்கியின் பொத்தான் இருக்கும் இடம் தெளிவாகவும் தோளின் விளிம்பு மங்கலாகவும் இருக்கிறது. ஒளி பக்கவாட்டில் இருந்து விழுகிறது. பின்னாளில் அவர் செய்த அனைத்தின் வித்தும் அதில் உண்டு.

இங்கேதான் செய்முறைபற்றிய அவரது தெரிவுகள் தொடங்குகின்றன. 1860களில் மக்கள் மிக விரும்பியவை உள்ளங்கையில் அடங்கும் சிறிய அட்டைப் படங்கள். உருவம் முழுமையாகத் தெரியும். தூண், திரைச்சீலை, நாற்காலி எல்லாம் தெளிவாகத் தெரியும். முகம் மட்டும் விரல்நகத்தளவு. அம்மையார் அவ்வழியில் செல்லவில்லை. முதலில் ஏறத்தாழ 11 அங்குலத்துக்கு 9 அங்குலத் தகடு, பின்னர் 15 அங்குலத்துக்கு 12 அங்குலத் தகடு என்று பெரியவற்றையே நாடினார். அந்நாளில் நெகடிவ் எவ்வளவோ படியும் அவ்வளவே. மனிதத் தலையை அதன் இயல்பான அளவை நெருங்கிக் காட்ட வேண்டுமாயின் அதற்கேற்ற பெரிய தகடு வேண்டும். தகடு பெரிதாகப் பெரிதாகக் கொலோடியனை ஊற்றிச் சீராகப் பரப்புவது கடினமாகும்; பிழைக்கான வாய்ப்பும் வளரும். தெரிந்தே இவ்விலையை அவர் கொடுத்தார்.

பெரிய தகட்டின் அருகே பெரிய தலை. அதற்கு நெடுங்குவிய லென்ஸ் வேண்டும். அத்தகைய லென்ஸ் அகலத் திறந்த நிலையில் ஒரே தளத்தைத்தான் தெளிவாகக் காட்டும். கண் தெளிவானால் காது மங்கும். லென்ஸின் வாயைச் சுருக்கினால் எல்லாம் தெளியும். ஆனால் அதற்குத் தக்கபடி நேரம் நீளும். அவர் சுருக்கவில்லை. கண்ணாடிக் கூரையின் பெரும்பகுதியைத் திரையிட்டு மறைத்து, ஒருபுறத்திலிருந்தோ மேலிருந்தோ மட்டும் ஒளி வரும்படி செய்தார். ஒளி குறைந்தமையால் எதிரில் அமர்ந்தவர் பல நிமிடங்கள் அசையாதிருக்க நேர்ந்தது. மூன்று முதல் ஏழு நிமிடம் வரைகூட ஆகும். தொழிலாளர் பலரும் கழுத்துக்குப்பின் இரும்புத் தாங்கி வைத்துத் தலையை அசையாமல் நிறுத்துவர். அம்மையாரின் படங்களிலோ மூச்சின் மெல்லசைவும் தகட்டில் பதிந்திருக்கிறது. நொடிப்பொழுதில் வெட்டி எடுத்த தோற்றத்தை அங்கே காண்பதில்லை. ஒரு மனிதர் தம்முள் ஆழ்ந்து அமர்ந்திருந்த சில நிமிடங்களின் திரட்சியைக் காண்கிறோம். நம் இலக்கணத்தார் மெய்ப்பாடு என்று சொல்வதை, அகத்தில் நிகழ்வது மெய்யில் தோன்றுவதை, அவர் தேடினார் என்று கொண்டால் இத்தெரிவுகள் யாவும் ஒரே திசையில் செல்வது புலனாகும்.

இது முதலில் தற்செயலாக நேர்ந்தது என்பதை அவரே மறைக்கவில்லை. லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது தம் கண்ணுக்கு மிக அழகாகத் தோன்றும் இடத்தில் நிறுத்திக்கொண்டதாகவும், ஏனையோர் வற்புறுத்தும் கூர்மைவரை திருகிச் செல்லவில்லை என்றும் அவர் எழுதினார். அவர் முதலில் பயன்படுத்திய பிரெஞ்சு லென்ஸ் பிழைகள் உடையது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இடமும் தகட்டில் தெளிவாக விழும் இடமும் அதில் ஒன்றாக இல்லை. லென்ஸின் குறையைத்தான் கலை என்று சொல்லிக்கொண்டார் என்று எள்ளியவர்களுக்கு விடை அவரது அடுத்த நடவடிக்கையிலேயே இருக்கிறது. சில ஆண்டுகளில் திருத்தமான புதிய லென்ஸ் பொருத்திய பெரிய கருவியை அவர் வாங்கினார். மென்மை அகலவில்லை. கருவி மாறியபின்னும் நிலைத்திருந்த ஒன்றைக் கருவியின் தலையில் கட்டுவது முறையாகாது.

எல்லாக் குறையையும் அவர் போற்றினார் என்று சொல்வதும் தவறே. நெகடிவ்களின் வார்னிஷ் படலத்தில் தேன்கூடுபோல் வெடிப்பு கண்டபோது அவர் கலங்கினார். 1869இல் அந்நெகடிவ்களை ஒளிப்படக் கழகத்தாரிடம் காட்டிப் பரிகாரம் கேட்டார். விளிம்பின் மங்கலை விட்டுவைத்தவர் வெடிப்பை விட்டுவைக்க விரும்பவில்லை. முன்னது முகத்துக்கு உதவியது. பின்னது முகத்தை அழித்தது. அவரது அளவுகோல் இதுவே. அதே ஆண்டில் எடுத்த கனவு என்னும் படத்தின் கீழ்மூலையில் விரல்தடம் போன்ற கறைகள் உள்ளன. அவர் மதித்த ஓவியர் வாட்ஸ் அப்படத்தை மிகவுயர்ந்ததாகப் பாராட்டினார். கறையைப் பற்றி இருவருமே கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கழகத்தாரின் இதழ் அவரைக் கடிந்தது. துறையில் மற்றவர் கற்றுத் தேர்ந்த அனைத்தையும் அவர் புறக்கணிக்கிறார் என்பதே குற்றச்சாட்டு. ஐந்து நெகடிவ்களை இணைத்து ஒரே காட்சியாக்கிய ஹென்றி பீச் ராபின்சன் போன்றோர், ஒளிப்படம் கலையாவதற்குத் திருத்தமே வழி என்று நம்பினர். சிறுமியரைப் படமெடுத்துப் பேர்பெற்ற லூயி கரோலுக்கும் அவரது மங்கல் பிடிக்கவில்லை. கலை இதழ்களோ அவரை வரவேற்றன. பெர்லின் கண்காட்சியில் 1865இல் வெண்கலப் பதக்கமும் 1866இல் தங்கப் பதக்கமும் கிடைத்தன. இலண்டன் தென்கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் தலைவர் ஹென்றி கோல் 1865லேயே அவர் படங்களை வாங்கினார். 1868இல் அங்கேயே இரண்டு அறைகளைப் படப்பிடிப்புக்காக அவருக்கு ஒதுக்கினார்.

முகங்களுக்கு வருவோம். 1867 ஏப்ரலில் முதிய நண்பர் ஹெர்ஷலின் வீட்டுக்கே கருவியையும் தகடுகளையும் மருந்துப் புட்டிகளையும் சுமந்து சென்றார் அம்மையார். ஹெர்ஷலுக்கு வயது 75. வெண்முடியைக் கழுவச் செய்து, படியாமல் சிலிர்த்து நிற்கும்படி கலைத்துவிட்டார். தோளைக் கரிய துணியால் மூடினார். மேலிருந்து மட்டும் ஒளி. பின்புலம் முற்றிலும் இருள். அவ்விருளிலிருந்து ஒரு தலை மட்டும் வெளிவருகிறது. வானத்தைப் பார்த்துப் பார்த்துத் தளர்ந்த கண்களில் ஈரம் மின்னுகிறது. கொலோடியன் நீல ஒளியை மட்டுமே நன்கு உணரும். செம்மையும் மஞ்சளும் அதற்குக் கருமையே. ஆகவே வெயிலும் முதுமையும் சிவப்பேற்றிய தோலின் ஒவ்வொரு சுருக்கமும் ஆழ்ந்த கோடாக விழும். நீலக் கண்கள் வெளிறித் தோன்றும். ஒப்பனைப் படக்காரர்கள் இதை மறைக்கத் தகட்டில் தீட்டித் திருத்துவர். அம்மையார் அதனை முதுமையின் எழுத்தாகவே விட்டுவைத்தார். எந்த முறையால் இப்படம் அழியாமல் நிற்கிறதோ அதற்கு வழிகாட்டியவரின் முகமே அதில் நிற்பது தனிச்சிறப்பு.

அதே ஆண்டில் தாமஸ் கார்லைலையும் எடுத்தார். நேர்முகமாக அமைந்த அப்படத்தில் தலை அசைந்திருக்கிறது. உளி படாத பாறைத் துண்டுபோல் அம்முகம் தோன்றுகிறது. அதை அவர் தள்ளிவிடவில்லை. கார்லைலின் உரைநடையைப் படித்தவர்கள் அம்முகம் அசையாமல் இருந்திருந்தால்தான் பொய் என்பார்கள். டென்னிசனை எடுத்த படங்களுள் ஒன்றை அழுக்குத் துறவி என்று கவிஞரே கேலியாக அழைத்தார். ஆயினும் அது அவருக்குப் பிடித்திருந்தது. 1868இல் டார்வின் குடும்பத்தோடு ஃபிரெஷ்வாட்டருக்கு வந்து தங்கியபோது அவரும் அகப்பட்டார்.

பெண்களைப் படம்பிடிக்கையில் அம்மையாரின் கை வேறாக இயங்கியது. பணிப்பெண் மேரி ஹில்லியர் கன்னிமரியாகவும் கிரேக்கப் பெண்பாற் புலவராகவும் மாறினார். புட்னித் திடலில் தாயோடு பிச்சை கேட்டு நின்ற அயர்லாந்துச் சிறுமி மேரி ரயன், அம்மையாரின் வீட்டில் வளர்ந்து, நாடகப் பாத்திரங்களாகத் தோன்றினார். கண்காட்சியில் அவரைக் கண்டு மனம் பறிகொடுத்து 1867இல் மணந்துகொண்டவர் ஹென்றி காட்டன். நம் கும்பகோணத்தில் பிறந்தவர். வங்காளத்தில் ஆட்சிப் பணி புரிந்தவர். 1904இல் பம்பாயில் கூடிய இந்திய தேசியக் காங்கிரசுக்குத் தலைமை ஏற்றவர். இப்படங்களில் மென்மை மிகுந்து சில வேளைகளில் திகட்டுவதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தேவதைச் சிறகு கட்டிய குழந்தைகள் எனக்கு உவப்பானவை அல்ல. அங்கே செய்முறை கருத்தைச் சுமக்காமல் அதற்கு அணி செய்கிறது.

விதிவிலக்கு ஜூலியா ஜாக்சன். அம்மையாரின் உடன்பிறந்தார் மகள். பின்னாளில் வர்ஜீனியா உல்ஃபின் தாய். அவருக்குப் பெரும்பாலும் புராணப் பெயர் எதுவும் சூட்டப்படவில்லை. 1867இல், திருமணத்துக்கு முன், எடுத்த படத்தில் முகத்தின் ஒருபாதி ஒளியிலும் மறுபாதி இருளிலும் நிற்கிறது. கழுத்துத் தசை இழுபட்டு நிற்க, கண்கள் நேரே நம்மைப் பார்க்கின்றன. மாதரை எவ்வாறு நோக்குவது என்பதில் அக்காலம் கொண்டிருந்த பழக்கம் எல்லாம் அப்பார்வையின்முன் நிற்கமாட்டாமல் போகிறது.

1874இல் டென்னிசன் தம் ஆர்தர் மன்னன் காவியத்துக்குப் படங்கள் கேட்டார். அம்மையார் பல திங்கள் உழைத்தார். அச்சில் வந்ததோ சிறிய மரச்செதுக்குப் படங்கள். முகத்தின் அளவுதான் தம் கலையின் உயிர் என்று நம்பியவருக்கு அது எத்தகைய ஏமாற்றம்! முழு அளவுப் படிகளை ஒட்டிய பெருநூலைத் தாமே வெளியிட்டார். செலவு மிகுந்தது, வரவு அதற்கு ஈடாகவில்லை. படங்களுக்குக் காப்புரிமை பதிந்தும், வணிகர் வழி விற்றும் குடும்பத்தின் பணமுடையைத் தீர்க்க அவர் பட்ட பாடு பெரிது. முட்டை வெண்கருத் தாளின் படிகள் மங்கத் தொடங்கியதால், 1875 அளவில் தேர்ந்த நெகடிவ்களை மங்காத கரிமப் படிகளாக எடுக்க ஏற்பாடு செய்தார். உருவம் நிலைக்க வேண்டும் என்னும் கவலை, ஹெர்ஷலின் தோழிக்கு இறுதிவரை இருந்தது.

அவ்வாண்டு அக்டோபரில் கணவரோடு இலங்கைக்குக் கப்பலேறினார். பயணப் பொருள்களுள் ஒரு பசுவும், வழியில் இறந்தால் வேண்டுமே என்று கண்ணாடிப் பாத்திரங்களை நிரப்பிக் கொண்டுசென்ற இரண்டு சவப்பெட்டிகளும் இருந்தன. இலை நோயால் காப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. களுத்துறைக் கடற்கரையிலும், மக்கள் வாழ்ந்த மலைநாட்டுத் தோட்டங்களிலுமாக அவர்கள் வாழ்க்கை கழிந்தது. ஈரக் கொலோடியன் அங்கே இடர் தந்தது. வெப்பத்தில் ஈதர் விரைந்து ஆவியாகும். தகடு உரிய நேரத்துக்கு முன்பே உலரும். நல்ல மருந்தும் தூய நீரும் எளிதில் கிடைக்கமாட்டா. இலங்கையில் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன.

அவற்றில் ஒரு மாற்றம் தெரிகிறது. கருவி சற்றுப் பின்னே விலகி நிற்கிறது. முகம் மட்டும் நிறைந்த தகடுகள் குறைந்து, நின்றும் அமர்ந்தும் இருக்கும் உருவங்கள் மிகுகின்றன. தோட்டத்தில் பணி செய்தோரும் களுத்துறை ஊர்மக்களும் எதிரே நிற்கின்றனர். மலைத்தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து நடந்தும் கடல் கடந்தும் சென்ற நம் மக்களே என்பதை நினைவிற்கொண்டு அப்படங்களைப் பார்க்க வேண்டும். சில பெண்களின் முகங்களில் அம்மையாரின் பழைய நோக்கு திரும்பி வருகிறது. ஒளி பக்கத்திலிருந்து விழ, தம்முள் ஆழ்ந்த கண்கள். வேறு சிலவற்றில் மனிதர்கள் மாதிரிப் பொருள்களாகவே நிற்கின்றனர். இத்தனை அன்பும் ஆர்வமும் உடைய ஒருவர் அங்கே ஏன் பின்வாங்கினார் என்பதற்கு வெயிலை மட்டும் காரணம் காட்டிவிட முடியாது. தோட்டத்து உரிமையாளரின் மனைவி அவர்.

1878இல் ஒருமுறை இங்கிலாந்து சென்று திரும்பிய அவர், 1879 சனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் மறைந்தார். அடுத்த ஆண்டில் கணவரும் மறைந்தார். பொகவந்தலாவையில் உள்ள புனித மரியாள் தேவாலயத்து வளாகத்தில் இருவர் கல்லறையும் உள்ளன.

1926இல் வர்ஜீனியா உல்ஃபும் கலைத் திறனாய்வாளர் ரோஜர் ஃபிரையும் அவர் படங்களைத் தொகுத்து நூலாக்கினர். ஹெர்ஷலுக்கு அவர் தம் கையால் ஒட்டிப் பரிசளித்த படத்தொகுப்பு நாட்டைவிட்டு வெளியேறும் நிலைக்கு வந்து, 1975இல் இங்கிலாந்தின் தேசிய உருவப்பட மாளிகைக்குக் கிடைத்தது. இடிபட இருந்த திம்போலா இல்லம் 1990களில் மீட்கப்பட்டு அருங்காட்சியகம் ஆயிற்று. 2003இல் அவர் படங்கள் அனைத்தையும் திரட்டிய பெருந்தொகுதி வெளிவந்தது. ஹெர்ஷல், கார்லைல், டார்வின் பெயர்களோடு, கன்னிமரியாக நின்ற பணிப்பெண்ணின் பெயரும், பிச்சையெடுத்த சிறுமியின் பெயரும் இன்று வரலாற்றில் பதிவாகியுள்ளன.

1877இல் களுத்துறை வீட்டுக்கு விருந்தினராக வந்த ஓவியர் மேரியான் நார்த் அம்மையாரைப் பலவாறு படம் எடுத்தார் கேமரன். அவற்றுள் ஒன்றில் நார்த் தாழ்வாரத்தில் ஓவியச் சட்டத்தின்முன் தூரிகையோடு நிற்கிறார். அவர் வரைவதற்காக ஒரு சிறுவன் எதிரே நிற்கிறான். படத்தின் குறிப்பில் வரைபவரின் பெயர் உண்டு. எடுத்தவரின் பெயர் உண்டு. வீடும் ஊரும் உண்டு. அவனைப் பற்றி உள்ளது தமிழ்ச் சிறுவன் என்பது மட்டுமே.